அடக்க விலைக்கும் கீழே விற்று வளர்வதுதான் அமேசான் தரும் பாடமா?

கேள்வி

வணக்கம். எவர்சில்வர் பாத்திரங்களை இணையத்தில் விற்கும் சிறு கடை ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். முதலில் அடக்க விலைக்கும் குறைவாக விற்று வாடிக்கையாளர்களைச் சேர்த்துவிடலாம், லாபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அமேசானும் அப்படித்தான் வளர்ந்தது என்று தம்பி உறுதியாகச் சொல்கிறான். 1995இல் விற்பனையைத் தொடங்கிய அந்த நிறுவனம் ஓர் ஆண்டு முழுமைக்குமான லாபத்தை 2003இல்தான் முதன்முறையாகக் காட்டியது என்பது உண்மையே. அத்தனை ஆண்டுகள் எந்தப் பணத்தில் அது தாக்குப்பிடித்தது? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

பங்கு வெளியீட்டிலும் கடன் பத்திரங்களிலும் திரட்டிய பணம் பெரும்பங்கு வகித்தது. இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கிரெடிட் கார்டில் அப்போதே பணம் கட்டிவிடுவார். தொடக்கத்தில் பெரும்பாலான புத்தகங்களை அமேசான் இருப்பு வைக்காமல், ஆர்டர் வந்த பிறகே இங்கிராம் போன்ற மொத்த விநியோகஸ்தர்களிடம் வாங்கி அனுப்பியது. அவர்களுக்கான பில் தொகையையோ சில வாரங்கள் கழித்துக் கொடுத்தால் போதும். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பணம் வட்டியின்றி நிறுவனத்தின் கையில் புரண்டது, விற்பனை கூடக் கூட அதுவும் கூடியது. உங்கள் கடையில் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி, ஆனால் நேரமும் கைகொடுத்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2000 பிப்ரவரியில் அமேசான் பங்காக மாற்றத்தக்க பத்திரங்கள் மூலம் 69 கோடி யூரோ திரட்டியது. அடுத்த மாதமே இணைய நிறுவனப் பங்குகள் சரியத் தொடங்கின. அமெரிக்காவில் மளிகைப் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த வெப்வேன், சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தொழில் நிலைபெறும் முன்னரே பல நகரங்களில் தானியங்கிக் கிடங்குகள் கட்ட 1999இல் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, 2001 ஜூலையில் திவாலானது. தம்பியிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்களிடம் நிலைமை தலைகீழாக இருக்கிறது. சரக்குக்கு முன்பணம் கொடுக்கிறோம், ஆனால் ஆர்டர்களில் பெரும்பாலானவை கேஷ் ஆன் டெலிவரி என்பதால், கூரியர் நிறுவனம் தொகையை வசூலித்துக் கணக்கில் போட்ட பிறகே பணம் எங்கள் கைக்கு வருகிறது.

மறுமொழி 3

அப்படியானால் விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்குவது உங்களுக்கு ஆபத்து, ஏனெனில் ஒவ்வொரு புதிய ஆர்டரும் உங்கள் கைப்பணத்தை இன்னும் சில நாட்கள் முடக்கிவிடும். 2000இல் பிற வணிகர்களும் தன் தளத்தில் விற்க இடம் கொடுத்ததால், அவர்களுடைய சரக்கில் முதலைப் போடாமலே அமேசான் தரகு பெற்றது. 2005இல் தொடங்கிய பிரைம் திட்டத்தில் ஆண்டுக் கட்டணம் 79 டாலரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், தள்ளுபடியை எல்லோருக்கும் கொடுக்காமல் முன்பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் கொடுப்பேன். பட்டறைக்காரரிடம் கடன் தவணையும் கேட்டுப் பாருங்கள். அவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குமேல் தவணை செல்லாது, ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள்தான். ஆகவே பேசி முடித்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.