[கலைச்சொல்] 'மோனோஜெனடிக் சர்நேம்' – தமிழில் எது பொருந்தும்? (மர்கட்ராய்ட் என்ற பெயரை வைத்து ஒரு சோதனை)

வணக்கம்.

பெயராய்வுச் சொற்பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் சொல் 'மோனோஜெனடிக் சர்நேம்'. சிலர் 'சிங்கிள் ஆரிஜின்' என்று எழுதுவதும் இதையே. ஒரு குடும்பப்பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரும் ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் என்பது கருத்து. எதிர்ச்சொல் 'பாலிஜெனடிக்': ஸ்மித் மாதிரி ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்த பெயர். இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள்: ஒற்றைமூலப் பெயர், ஒருவேர்ப் பெயர், ஓரூற்றுப் பெயர், ஓரூர்ப் பெயர், ஒருகுலப் பெயர்.

எது காதுக்கு இனிமை என்று பேசிக்கொண்டிருந்தால் முடிவு வராது. ஓர் அரிய ஆங்கிலப் பெயரின் மேல் ஏற்றிப் பார்ப்போம். மர்கட்ராய்டை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே உள்ள வார்லிப் பகுதியில் பிறந்த பெயர். 14ஆம் நூற்றாண்டிலேயே பதிவு இருக்கிறது. பின்பாதியான 'ராய்ட்' அந்த வட்டாரத்தில் காடு திருத்திய நிலத்தைக் குறிக்கும்; ஆக்ராய்ட், ஹோல்ராய்ட், பூத்ராய்ட் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. முன்பாதிக்கு இரண்டு விளக்கம் உண்டு. மேட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் வழி, 'மூர் கேட்' என்பது ஒன்று (வட இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் 'கேட்' பெரும்பாலும் கதவு அல்ல, தெரு). மார்கரெட் என்ற பெண்ணின் நிலம் என்பது மற்றது.

இந்த இடத்திலேயே 'மூலம்', 'வேர்' இரண்டும் அடிபடுகின்றன. 'ஒருவேர்ப் பெயர்' என்று எழுதினால் படிப்பவர் வேர்ச்சொல்லைத்தான் நினைப்பார். மூர் கேட்டா மார்கரெட்டா என்பது சொற்பிறப்பின் கேள்வி. அதற்கு என்ன விடை வந்தாலும், மர்கட்ராய்டுகள் ஒரே குடும்பமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஹோல்ராய்டைப் பாருங்கள்: பள்ளத்துத் திருத்துநிலம் என்று ஒரே வேர்தான், ஆனால் அப்படிப் பெயர்பெற்ற இடங்கள் பல, அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களும் பல. சொல்லுக்கு வேர் ஒன்று, ஆட்களுக்கு வேர் பல. ஆகவே இந்த இரண்டையும் நீக்கிவிடலாம் என்பது என் கருத்து.

– வேலன்

*

> மூலம், வேர் இரண்டையும் நீக்கிவிடலாம்

சரி. 'ஓரூர்ப் பெயர்' ஏன் கூடாது? நமக்குக் கிடைக்கும் சான்றில் பெரும்பகுதி நிலவரைபடம்தான். ஆய்வு நடக்கும் முறையைச் சொல்கிறேன், பிறகு சொல்லை முடிவு செய்யுங்கள்.

முதலில் எழுத்துக்கூட்டு வேறுபாடுகளைத் திரட்ட வேண்டும். அடுத்து 1881 ஏப்ரல் 3 இரவில் எடுத்த கணக்கெடுப்பு. முழுமையாகப் படியெடுக்கப்பட்டிருப்பதால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பதிவு மாவட்டத்திலும் அந்தப் பெயருக்கு எத்தனை பேர் என்று எண்ணி, மாவட்ட மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். வகுக்காமல் வெறும் எண்ணிக்கையை வரைந்தால் எந்தப் பெயரானாலும் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கரும்புள்ளி விழும். அது பெயரின் வரைபடம் அல்ல, மக்கள்தொகையின் வரைபடம்.

வகுத்தாலும் ஒரு பொறி உண்டு. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 12,000 பேர் உள்ள மாவட்டத்துக்கு 8 பேர் கொண்ட ஒரே குடும்பம் குடியேறினால் லட்சத்துக்கு 67. ஐந்து லட்சம் பேர் உள்ள நகரத்தில் அதே பெயருக்கு 100 பேர் இருந்தால் லட்சத்துக்கு 20. வரைபடத்தில் சின்ன மாவட்டம் மூன்று மடங்கு அழுத்தமாகத் தெரியும். அங்கே இருப்பதோ ஒரே வீடு. அரிய பெயர்களில் இதுதான் அடிக்கடி வழுக்கும் இடம். தலையை எண்ணாமல் வீட்டை எண்ணுவது, விகிதத்தின் பக்கத்திலேயே எண்ணிக்கையையும் அச்சிடுவது, இரண்டும் வேண்டும்.

பிறகு பின்னோக்கி நடக்க வேண்டும். 1851 முதல் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் இருக்கிறது. 1841இல் 'இதே கவுண்டியில் பிறந்தவரா' என்பதற்கு ஆம், இல்லை மட்டுமே. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். அதற்கு முன் 1662 முதல் 1689 வரையான அடுப்பு வரி. அது வீட்டுத்தலைவரை மட்டும் காட்டும். பத்து அடுப்பு வைத்த செல்வரும் ஓரடுப்புக்காரரும் பெயராய்வில் ஆளுக்கு ஒரு வரிதான். இன்னும் பின்னால் 1538இல் தொடங்கும் திருச்சபைப் பதிவேடுகள். கடைசியில் 1379 தலைவரி.

மர்கட்ராய்டை இப்படிப் பின்தொடர்ந்தால் வட்டம் சுருங்கிச் சுருங்கி ஹாலிஃபாக்ஸ் பெருந்திருச்சபைப் பகுதிக்குள் வந்து நிற்கும். நகர்வுகளும் தெரியும். பத்துப் பன்னிரண்டு மைல் வடக்கே, கீத்லி அருகில் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் மாளிகையை 1640களில் கட்டியவர் ஜேம்ஸ் மர்கட்ராய்ட் என்ற ஹாலிஃபாக்ஸ் துணி வணிகர். துணித்தொழில் போன திசையில் பெயரும் போயிருக்கிறது. ஒரே ஊரைத்தானே எல்லாம் சுட்டுகின்றன? 'ஓரூர்ப் பெயர்' போதாதா?

– மங்கை

*

மங்கை அம்மாவின் முறை விளக்கத்தை அப்படியே சொற்பட்டியலின் முன்னுரையில் சேர்க்கலாம். ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

ஊர்ப்பெயரால் வந்த குடும்பப்பெயர் அந்த ஊரை விட்டுப் போனவருக்குத்தான் பெரும்பாலும் ஒட்டும். வார்லிக்குள் எல்லாரும் வார்லிக்காரர்கள்தானே, யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். நம்மூரில் ஊர்ப்பெயரை முதலெழுத்தாகப் போடும் வழக்கமும் வெளியூர் போனவர்களிடம்தான் பொருளுடையது. ஒரே ஊரிலிருந்து உறவில்லாத மூன்று பேர் மூன்று திசையில் போனால் மூவருக்கும் ஒரே பெயர். அது ஓரூர்ப் பெயர். ஒரே கால்வழிப் பெயர் அல்ல. மர்கட்ராய்ட், கிளெக் போன்றவை சிறு குடியிருப்பையோ ஒற்றைப் பண்ணையையோ சுட்டுவதால், அங்கே ஒரு குடும்பம்தான் இருந்திருக்கும் என்ற ஊகம் வலுவாகிறது. அந்த வலு ஊரின் அளவிலிருந்து வருவது. பெரிய சந்தையூரின் பெயரென்றால் அது கிடைக்காது.

இன்னொன்று. ஹாலிஃபாக்ஸ் பெருந்திருச்சபைப் பகுதி என்பது ஒரு ஊர் அல்ல. இருபதுக்கு மேற்பட்ட ஊர்ப்பகுதிகளை அடக்கியது, வார்லி அதில் ஒன்று. பதிவேட்டில் 'ஹாலிஃபாக்ஸ்' என்று கண்டு ஓரூர் என முடிவு கட்டினால், சென்னையிலிருந்து பார்த்து 'மதுரைப் பக்கம்' என்று சொல்வதற்குச் சமம்.

1379 தலைவரியிலும் கவனம் வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான வரி. சாதாரண மக்களுக்குத் தலைக்கு 4 பென்ஸ், கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு தலை. அதில் வரும் பெயர் பரம்பரையாக இறங்கும் பெயரா, அந்த ஆளோடு முடிந்துபோகும் அடைபெயரா என்பது அந்த ஏட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. தந்தை, மகன், பேரன் என்று தொடர்ந்து வந்தால்தான் குடும்பப்பெயர். 'பை-நேம்' என்பதற்கு 'அடைபெயர்' என்று தனிப் பதிவு போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'பட்டப்பெயர்' வேண்டாம், அது கேலிப்பெயரையும் குறிக்கும், சாதிப்பட்டத்தையும் குறிக்கும்.

– இளங்கோ

*

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

'ஒருகுலப் பெயர்' பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் நான் சொல்லுறன். குலம், குடி, கோத்திரம் எதுவும் வேண்டாம். இந்தச் சொற்களைக் கேட்டவுடனே எங்கட ஆக்கள் சாதியைத்தான் விளங்குவினம். ஆங்கிலக் குடும்பப்பெயர் அப்படி ஒரு சமூகப் பிரிவு இல்லை. பண்ணையாளுக்கும் பண்ணைக்காரனுக்கும் ஒரே பெயர் இருக்கலாம்.

'கொடிவழி' என்ற நல்ல சொல் கைவசம் இருக்கு. அகராதியிலும் உண்டு, வம்சாவளிக்கு நேர்ச்சொல். 'ஒருகொடிவழிப் பெயர்', 'பலகொடிவழிப் பெயர்' என்று வைச்சால் கேள்வி ஆட்களைப் பற்றியது, சொல்லைப் பற்றியதோ ஊரைப் பற்றியதோ இல்லை என்று உடனே விளங்கும். 'ராமிஃபிகேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதுறதுக்கும், அதாவது ஒரு குடும்பம் ஒரு நூற்றாண்டில் பெருகிப் பல கிளையாகிறதுக்கும், 'கொடியோட்டம்' கிடைக்கும். பூசணிக்கொடி ஓடுது என்று சொல்லுறம்தானே.

– குகன்

*

கொடிவழிக்கு என் வாக்கும் உண்டு. சுருக்கி 'ஒருகொடிப் பெயர்' ஆக்க வேண்டாம். 'ஒரே கொடியின் கீழ்' என்று தேசியக்கொடிக்குப் போய்விடும். இரண்டு எழுத்து நீண்டால் பரவாயில்லை.

ஆனால் 'ஒரு' என்பதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அதைத் தவிர்க்க முடியாது.

2000இல் வெளியான சைக்ஸ் பெயராய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 'சைக்' என்றால் யார்க்‌ஷயர் வழக்கில் சிற்றோடை. ஓடை எங்கும் இருக்கும், ஆகவே பெயர் பல இடங்களில் பிறந்திருக்கும் என்பதே ஆவணங்களைப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு. அந்தப் பெயருள்ள 48 ஆண்களின் ஒய் குரோமோசோமில் (குடும்பப்பெயர் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது) நான்கு குறியிடங்களைச் சோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஒரே வகை. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களிடம் அந்த வகை தென்படவே இல்லை. இன்றுள்ள சைக்ஸ்களுக்கு நிறுவுநர் ஒருவரே என்று முடிவு கட்டினார்கள். மீதிப் பாதிக்குக் காரணம் 700 ஆண்டுகளில் சேர்ந்த தந்தைவழி முறிவுகள் (பெயர் தந்த தந்தை ஒருவர், பெற்ற தந்தை வேறொருவர் என்ற நிலை), தலைமுறைக்கு 1.3 விழுக்காடு என்று கணக்குப் போட்டார்கள்.

'இன்றுள்ள' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1300இல் ஐந்து ஓடைக்கரைகளில் ஐந்து சைக்ஸ் குடும்பங்கள் இருந்து, 1348-49 கொள்ளைநோயிலும் அதன்பின் ஆண்வாரிசு இல்லாமலும் நான்கு அற்றுப்போய், ஒன்று மட்டும் பெருகியிருந்தாலும் இன்றைய சோதனை இதே விடையைத்தான் தரும். குடும்பப்பெயர்கள் தற்செயலாலேயே அழிவது பற்றி 1873இல் கால்டன் கேள்வி எழுப்ப, வாட்சன் கணக்கு எழுதினார். சராசரியாகத் தந்தைக்கு ஒரு மகன் என்ற நிலையில், காலம் போதுமான அளவு போனால் எந்தத் தனிக் கொடியும் அறுவது உறுதி. 2009இல் கிங், ஜாப்ளிங் இருவரும் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரிவாகச் செய்த ஆய்வும் இந்தத் தற்செயல் இழப்பைச் சுட்டுகிறது. பெயர் அரிதாக அரிதாக ஒரே ஒய் வகையைப் பகிர்வது கூடுகிறது. ஸ்மித்தில் அப்படி எதுவும் இல்லை, தெருவில் போகிற யாரையும் சோதித்தது போலத்தான் வருகிறது.

ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்ததும், பலவற்றில் ஒன்று மட்டும் எஞ்சியதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குழப்புகிறார்கள் என்பதற்காக நாமும் குழப்ப வேண்டியதில்லை. முதலாவதற்கு 'ஒருகொடிவழிப் பெயர்'. இரண்டாவதற்கு 'எஞ்சுகொடிப் பெயர்'. வினைத்தொகை, எஞ்சிய, எஞ்சுகிற என்று எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடாது, தேசியக்கொடியும் நினைவுக்கு வராது.

– மங்கை

*

'எஞ்சுகொடி' அருமை. ஓரூரை நானும் விட்டுக்கொடுக்கச் சொல்வேன் என்று இருந்தேன், மங்கை அம்மாவே விட்டுவிட்டார்.

'டாட்டரிங் அவுட்' என்பதற்குப் பட்டியலில் 'கொடியறுதல்' என்று யாரோ குறித்திருக்கிறார்கள். ஒரு தலைமுறையில் பெண்மக்கள் மட்டும் பிறந்து பெயர் நின்றுபோவதற்கான சொல் அது. அங்கே கொடி அறவில்லை. மகள் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அற்றது பெயர். 'பெயரறுதல்' என்பதே சரி. ஆய்விலும் இந்த வேறுபாடு தேவை: இங்கிலாந்துப் பிறப்புப் பதிவு அட்டவணைகள் 1837 ஜூலையில் தொடங்கினாலும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் அட்டவணையில் அச்சாவது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். அதற்கு முன் பெயரறுந்த கிளைகளைத் தேட, 2016இல் பதிவகத்தின் புதிய இணைய அட்டவணை வரும்வரை, சான்றிதழையோ திருமணப் பதிவையோ ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது.

எழுத்துப்பெயர்ப்பு பற்றியும் ஒரு குறிப்பு தேவை. மர்கட்ராய்டின் கடைசி அசையில் ஒய் எழுத்துக்கு ஐ எழுதினாலும், நடுவில் ஏ எழுத்துக்கு ஐ எழுதினாலும் தமிழில் அநேகமாக ஒரே வடிவம்தான் வரும். குகன் தம்பியின் ஊர் வழக்கில் எழுதினால் அதுவே வேறு மாதிரி. ஆகவே வேறுபாட்டு வடிவங்களைத் தமிழ் எழுத்தில் பட்டியலிட்டுப் பயனில்லை. எந்த எழுத்து எதுவாக மாறியது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவதே நல்லது.

– வேலன்

*

தொகுப்புக்கான வரைவு:

ஒருகொடிவழிப் பெயர்: தொடக்கத்தில் ஒரே குடும்பம் மட்டும் ஏற்று, அதன் வழியினரிடம் மட்டும் பரவியதாகக் கருதப்படும் குடும்பப்பெயர். எ-டு: மர்கட்ராய்ட் (ஆவணம், பரவல்).

எஞ்சுகொடிப் பெயர்: பல குடும்பங்கள் ஏற்றிருக்கக்கூடியதாயினும், இன்று பெரும்பாலும் ஒரே கொடிவழியில் நிலைத்திருக்கும் பெயர். எ-டு: சைக்ஸ் (மரபணு).

பலகொடிவழிப் பெயர்: உறவில்லாத பல குடும்பங்கள் தனித்தனியே ஏற்ற பெயர். எ-டு: ஸ்மித் (மரபணு), ஹோல்ராய்ட் (இடப்பெயர்).

ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் எதிரே எந்தச் சான்றால் அங்கே வைத்தோம் என்பதை அடைப்புக்குள் கட்டாயம் எழுத வேண்டும். மரபணுச் சான்று மட்டும் உள்ள பெயரை முதல் வகையில் சேர்க்கக் கூடாது. 'ஒருபெயர் ஆய்வு' என்ற பதிவு தனியாகவே இருக்கட்டும். அது ஒரு பெயரைத் தாங்கிய எல்லாரையும் எங்கிருந்தாலும் திரட்டும் முறை. 1979 முதல் இங்கிலாந்தில் அதற்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. பலகொடிவழிப் பெயருக்கும் ஒருபெயர் ஆய்வு செய்யலாம் என்பதால் இரண்டையும் 'ஒரு' வரிசையில் அடுத்தடுத்து வைக்காமல், இதை 'ஆய்வு முறைகள்' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் பட்டியல் மூடும் முன் எழுதுங்கள்.

– இளங்கோ