கரப்பானில் மின்சாரம் வருகிறது, சில்லுதான் நின்றுவிடுகிறது. உதவி தேவை

உயிருள்ள கரப்பானின் உடல்திரவத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஒரு குட்டி வெப்பநிலை உணரியை ஓட்டப் பார்க்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

மின்கலம் புதிது ஒன்றுமில்லை. 2012-இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் காட்டிய வழிதான்: வயிற்றில் இரண்டு மின்வாய்கள், ட்ரெஹலோஸ் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதி, அதை ஆக்சிஜனேற்ற இன்னொன்று. சுமையில்லாமல் 0.3 வோல்ட், சுமையோடு 0.2 வோல்ட், சுமார் 20 மைக்ரோஆம்பியர். பூச்சி நன்றாக ஓடியாடுகிறது, குறை அதனிடம் இல்லை.

இந்த மின்னழுத்தத்தை உயர்த்த முதலில் எல்டிசி3108 என்ற சில்லைப் போட்டேன். 20 மில்லிவோல்ட்டிலேயே எழும் சில்லுதான், ஆனால் அதன் உள்ளீட்டு மின்தடை சில ஓம்தான். மின்னழுத்தம் உடனே படுத்துவிட்டது. அடுத்து அதே பூச்சியில் இரண்டு ஜோடி மின்வாய்களைத் தொடராக இணைத்தேன். எல்லாம் ஒரே திரவத்தில் நிற்கும்போது மின்னழுத்தம் எப்படிக் கூடும்? முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இப்போது அதே வேலைக்கு பிக்யூ25570 என்ற இன்னொரு சில்லு. தானாக எழ அதற்கு 600 மில்லிவோல்ட் வேண்டும் என்பதால், சேமிப்பு மின்தேக்கியை முதலிலேயே 3 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டேன். ஓடுகிறது. ஆனால் 16 நொடிக்கு ஒருமுறை உள்ளீட்டைக் கால் நொடி துண்டித்து, சுமையில்லாத மின்னழுத்தத்தை அளக்கிறது; உள்ளீட்டை எந்த அளவில் நிறுத்துவது என்று அதை வைத்தே முடிவு செய்கிறது. என் மின்கலம் மீள 4 நொடி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் அளவு குறைந்து குறைந்து, பத்து நிமிடத்தில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே போய் நின்றுவிடுகிறது.

அந்த அளவெடுப்பை முடக்கி, வெளியிலிருந்து 0.2 வோல்ட்டை ஒப்பீட்டு அளவாக நிலையாகக் கொடுத்து இந்தச் சில்லை ஓட்டியவர்கள் எப்படி இணைத்தீர்கள்?