வீட்டுச் சாமான் வாரண்டி உண்மையில் யாருக்குப் பயன்பட்டது?

கல்லடியில் இருந்து:
மாரியில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எங்கள் பிரிட்ஜ் குளிராமல் நின்றுவிட்டது. கதவில் பெரிய எழுத்தில் 10 வருட வாரண்டி என்று ஸ்டிக்கர் இருக்கிறது. கடையில் கேட்டால் அது கொம்ப்ரஸருக்கு மட்டும்தானாம், மற்றப் பாகங்களுக்கு 2 வருடம். சரி, 2 வருடம் இன்னும் முடியவில்லையே என்று ஆளை வரச் சொன்னோம். வந்த தம்பி பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற எலக்ட்ரோனிக் போர்ட் எரிந்திருக்கிறது, வோல்டேஜ் கூடினதால் வந்த பழுது, இதற்கு வாரண்டி இல்லை என்றார். நான் சண்டை பிடிக்கவில்லை. பிரிட்ஜோடு சேர்த்து வாங்கிய, வோல்டேஜ் கூடினால் கரண்டை நிறுத்தும் வோல்டேஜ் கார்டையும் அதன் பில்லையும் காட்டினேன். "நீங்கள் சொன்ன காரணத்தை அப்படியே இந்த ஜொப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் தம்பி" என்று மட்டும் கேட்டேன். எழுதவில்லை. வெளியே போய் யாருக்கோ போன் எடுத்துப் பேசினார். பிறகு போர்ட் இலவசமாக வந்தது, கொண்டுவந்த கூலியை மட்டும் நாங்கள் கொடுத்தோம். வாயால் 'இல்லை' என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம், கையெழுத்துப் போட்டுச் சொல்லத்தான் யோசிப்பார்கள். உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

காத்தான்குடியில் இருந்து:
நான் எலக்ட்ரிக் சாமான் கடையில் நிற்பவன், கடைப்பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வாரண்டி அட்டையோடு வருகிறவர்களில் பலருடைய அட்டை வெறுமையாகத்தான் இருக்கும். திகதி இல்லை, கடை முத்திரை இல்லை, சீரியல் நம்பர் இல்லை. அதை வைத்துக்கொண்டு நாங்கள் கம்பனியிடம் என்ன கேட்பது? சாமான் எடுக்கும்போதே, பின்னால் எத்தனை பேர் காத்து நின்றாலும் பரவாயில்லை, எழுதி முத்திரை குத்தித் தரும்வரை கடையை விட்டுப் போகாதீர்கள். இப்போது வருகிற பில் எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள், நம் ஊர் வெக்கைக்குக் கொஞ்ச காலத்திலேயே வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ கொப்பி எடுங்கள், போனிலும் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று, கம்பனி வாரண்டியா கடை வாரண்டியா என்று கேட்டே வாங்குங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாகக் கிடைக்கிற சாமானில் பலதும் கடை வாரண்டிதான். கடை இருக்கும்வரை அது இருக்கும், கடையைப் பூட்டினால் அதுவும் போய்விடும். பழுது பார்ப்பது மட்டக்களப்பிலா, இல்லை கொழும்புக்கு ஏற்ற வேண்டுமா, லொறிக்கூலி யார் தலையில் என்பதையும் காசு கொடுக்க முன்னரே கேளுங்கள், கொடுத்த பிறகு கேட்டால் நாங்களே சிரித்து மழுப்புவோம். பல்லி போர்ட்டுக்குள் விழுந்து ஷோர்ட் ஆனது, எறும்பு கூடு கட்டியது, எலி வயரைக் கடித்தது, இதெல்லாம் பெரும்பாலும் எந்த அட்டையிலும் வராது. வெளியாள் கழற்றி சீல் உடைந்திருந்தாலும் வராது.

திருக்கோவிலில் இருந்து:
காத்தான்குடி நானா சொன்னதோடு கடலையும் சேருங்கள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் சவுக்கு மரம்தான். கூரைக்கு நிறத் தகடு போடும்போது 'இத்தனை வருடம் துருப்பிடிக்காது' என்றார்கள். தாளை வாங்கி முழுக்கப் படித்தால், உப்புக்காற்று படும் கடலோர இடங்களுக்கு அது பொருந்தாது என்று கடைசியில் போட்டிருக்கிறது. கரையோரம் முழுக்க விற்கிற தகட்டுக்குக் கரையோரத்தில் வாரண்டி இல்லை! அதனால் நாங்கள் ஓட்டுக்கே போய்விட்டோம். ஏசியின் வெளி யூனிட், சோலார் தாங்கிக் கம்பி வாங்குகிறவர்களும் அந்தக் கடைசி வரிகளைப் படியுங்கள்.

கல்முனையில் இருந்து:
என் ராத்தா (அக்கா) வாங்கிய வொஷிங் மெஷின் முதல் கிழமையிலேயே சுற்றாமல் நின்றது. கடையில் 'அடுத்த கிழமை ஆள் வரும்' என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னார்கள். இந்த இழுத்தடிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த வாரண்டிக்கு ஏற்றபடி பொருள் இல்லை என்று அந்த அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம், ஆனால் எழுத்தில், விற்ற நாளில் இருந்து 3 மாதத்துக்குள். அவர்கள் விசாரித்து, மாற்றிக் கொடு அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட முடியும். மச்சான் இதைத் தெரிந்து வைத்திருந்தவர். தவணை கடக்க முன்னரே பில் கொப்பியோடு கடிதம் கொடுத்தார், கடைக்கும் ஒரு கொப்பி. கடைக்காரர் மறுகிழமையே புது மெஷினை இறக்கிவிட்டுப் போனார். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் விவரம் சொல்வார்கள், ஆனால் போனோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். பில் தராத கடையில் பில்லைக் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

களுவாஞ்சிகுடியில் இருந்து:
சாமானை விடுங்கள், வீட்டுக்கு யார் வாரண்டி? ரொரன்ரோவில் இருக்கிற தம்பியிடம் கேட்டால், ஒன்ராறியோவில் புது வீடு கட்டி விற்கிறவர் சட்டப்படியே வாரண்டி கொடுக்க வேண்டுமாம், பழுதின் வகையைப் பொறுத்து 1, 2, 7 வருடம் என்று. அமெரிக்காவில் வருடக் காசு கட்டி எடுக்கிற வீட்டு வாரண்டி வேறு, அதில் ஆள் வரும் ஒவ்வொரு முறைக்கும் தனிக்காசு, ஏற்கெனவே இருந்த பழுதுக்குப் பெரும்பாலும் கிடையாது. இங்கே நமக்கு இருப்பது மேசனுடைய வாய்ச்சொல்.

அதனால் நாங்கள் செய்தது இது. பெரிய கட்டட ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒப்பந்தக் காசில் 5 வீதம் பிடித்து வைப்பார்கள், பாதியை ஒப்படைக்கும்போதும் மீதியைக் குறைகளுக்கான காலம் முடிந்த பிறகும் கொடுப்பார்கள். அதையே எங்கள் கொந்தராத்துக்காரரோடு எழுதினோம், ஆனால் '6 மாதம்' என்று அவர் போட்டதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் வீடு குடிபுகுந்தால் 6 மாதம் புரட்டாசியில் முடிந்துவிடும். நம் பக்கம் மழை கொட்டுவது கார்த்திகை, மார்கழியில். கூரை ஒழுகுமா, சுவர் ஊறுமா, குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அப்போதுதானே தெரியும்? 'தை முடியும்வரை' என்று எழுத வைத்தேன். மார்கழியில் ஸ்லாப் மூலையில் ஈரம் கண்டது. காசு எங்கள் கையில் இருந்ததால் அவரே மழை விட்ட இடைவெளியில் ஆள் அனுப்பிப் பூசினார், தை முடிந்ததும் மீதியையும் வாங்கிக்கொண்டார். முகம் சுளித்தார்தான், ஆனால் இப்போதும் கண்ட இடத்தில் கதைக்கிறார்.

கல்லடியில் இருந்து:
அண்ணன், தை முடியும்வரை என்பது அருமை, எங்கள் மதில் வேலைக்கும் அப்படியே எழுதப்போகிறேன். சாமானுக்கும் ஒன்று சேர்க்கிறேன்: முடிகிற திகதியைப் போன் கலண்டரில் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னரே சத்தம், கசிவு, சூடு என்று சின்னக் குறை இருந்தாலும் எழுதிப் போட்டு முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். இலக்கம் இருந்தால் பிறகு திகதி கடந்தாலும் பேச முடிகிறது.

காத்தான்குடியில் இருந்து:
அது எங்கள் கடையிலும் நடக்கும், இலக்கம் உள்ளவரைத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

திருக்கோவிலில் இருந்து:
தண்ணி மோட்டர் பற்றி யாரும் எழுதவில்லையே. கோடையில் கிணறு வற்றி மோட்டர் சும்மா ஓடி எரிந்தால் 'தண்ணீர் இல்லாமல் ஓட்டினீர்கள்' என்று கைவிரிக்கிறார்கள். யாருக்காவது வாரண்டியில் மோட்டரின் எரிந்த கொயிலை (கம்பிச் சுருளை) மறுபடி சுற்றிக் கொடுத்திருக்கிறார்களா?