புதுப்பிப்பு: அந்த இத்தாலிய ஓபரா கட்டங்கள் நிரம்பிவிட்டன

போன வாரம் ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இத்தாலிய ஓபரா (பாடியே கதை சொல்லும் இசை நாடகம்) பற்றிய 2 இடத்தில் சிக்கி நின்றேன் என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

முதல் குறிப்பு: "ரோமில் நடக்கும் ஓபரா", 5 எழுத்து. குறுக்கே வந்த சொற்கள் 2-ஆம் இடத்தில் 'ஓ'வும் (O) கடைசியில் 'ஏ'யும் (A) தந்தன. ரோமானியர் வரும் கதைதானே என்று இசையமைப்பாளர் பெல்லினியின் 'நார்மா'வைப் (Norma) பேனாவால் எழுதித் தொலைத்தேன். ஆனால் அந்தக் கதை நடப்பது 'கால்' (Gaul) என்ற பண்டைய நாட்டில், இன்றைய பிரான்ஸ் பக்கம். விடை இன்னொரு இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா' (Tosca). அதே 'ஓ', அதே 'ஏ'! 1800 ஜூனில் ரோமில் நடக்கும் கதை. முதலில் மேடையேறியதும் அங்கேதான், 1900-இல்.

இன்னொன்று படுத்தி எடுத்துவிட்டது: "விக்தர் ஹ்யூகோவின் நாடகத்தை வைத்து வெர்டி அமைத்தது", 6 எழுத்து. வெர்டியும் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர்தான். அவருடைய 'ரிகொலெட்டோ'வும் (Rigoletto) ஹ்யூகோ கதைதான், ஆனால் அதற்கு 9 கட்டம் வேண்டும். 'ஒடெல்லோ' (Otello) என்று ஒருவர் சொன்னார். எண்ணிக்கை சரி, ஆனால் மூலம் ஷேக்ஸ்பியர். ஹ்யூகோவின் 'ஹெர்னானி' (Hernani) நாடகம் நினைவுக்கு வந்தும் 7 எழுத்தாயிற்றே என்று ஒதுக்கியிருந்தேன். இத்தாலிய மொழியில் 'ஹெச்'சுக்கு (H) ஒலி கிடையாது, ஓபராவின் தலைப்பிலிருந்தே கழற்றிவிட்டார்கள். விடை 'எர்னானி' (Ernani), முதலில் மேடையேறியது 1844-இல் வெனிஸில். ஷேக்ஸ்பியரின் Othello-விலிருந்து வந்த 'ஒடெல்லோ'விலும் அதே 'ஹெச்' காணாமல் போயிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

4 எழுத்தில் வெர்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஐடா' (Aida) போடலாம் என்று சொன்னவருக்கு நன்றி. இந்த வாரமும் வந்திருக்கிறது. இனி பென்சில்தான்.