ஒரு பேஸ் எர்த் ஃபோல்ட்: கணக்கில் 662 அம்பியர், ரிலேயில் 550. எங்கே பிழை?

நெடுங்கேணி33:
மாங்குளம் பக்கம் போகிற 33 கேவி லைன். கிரிட் ட்ரான்ஸ்போமரின் 33 பக்கம் டெல்டா (நடுப்புள்ளி இல்லாத முக்கோண இணைப்பு), அதனால் லைனை மண்ணோடு இணைக்க எர்திங் ட்ரான்ஸ்போமர் பூட்டியிருக்கு. 20 கிலோமீற்றரில் இன்சுலேற்றர் வெடித்து ஒரு பேஸ் கம்பி கம்பத்தில் பட்டு, கரண்ட் மண்ணுக்கு இறங்கியது (எர்த் ஃபோல்ட்). கம்பத்தின் எர்த் 20 ஓம். சமனில்லாத மூன்று பேஸ் கரண்டை நேர், எதிர், பூச்சியம் என்று மூன்று வரிசையாகப் பிரித்துத்தான் கணக்குப் பார்த்தன்: நேர் வரிசை 12 ஓம் (கிரிட் 4, லைன் 8), எதிர் வரிசையும் 12, பூச்சிய வரிசை 60 (எர்திங் ட்ரான்ஸ்போமர் 36, லைன் 24). வரிசை எண்கள் எல்லாம் ரியாக்டன்ஸ் (ஏசி கரண்டுக்குச் சுருளும் லைனும் காட்டுற எதிர்ப்பு; தடையோடு நேரே கூட்டேலாது). 20 ஓமை அப்படியே சேர்த்தால் எனக்கு 662 வருது, ரிலே (பழுதைக் கண்டு லைனை வெட்டவைக்கிற கருவி) 550 காட்டுது. ட்ரான்ஸ்போமரின் 132 கேவி பக்கத்துப் பூச்சிய வரிசையையும் சேர்க்கவேணுமா?

முறிகண்டி:
வேண்டாம் தம்பி, டெல்டாவைத் தாண்டி அது வராது. பிழை 20 ஓமில்தான். மூன்று வரிசையில் ஒவ்வொன்றிலும் ஓடுறது ஃபோல்ட் கரண்டில் மூன்றிலொரு பங்கு. கம்ப எர்த்தால் இறங்குறது முழுக் கரண்ட். அதனால் வரிசைச் சுற்றில் அந்தத் தடை மூன்று மடங்காக, 60 ஓமாக நிற்கவேணும். ரியாக்டன்ஸ் கூட்டினால் 84. 60ஐயும் 84ஐயும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுங்கோ: 103.2. பேஸ் வோல்ற்றேஜ் 19,053. அதன் மூன்று மடங்கு 57,159. வகுத்தால் 554.

கரிப்பட்டமுறிப்பு:
முறிகண்டி அண்ணை சொன்னது சரி. அதே கணக்கில் மற்ற இரண்டு பேஸையும் பாருங்கோ. ஃபோல்ட் இடத்தில் ஒன்று 27.4 கேவிக்கு ஏறும். லைட்னிங் அரெஸ்டரை (மின்னல் தடுப்பியை) 19 கேவி என்று நினைத்துத் தெரிவுசெய்தால், ஃபோல்ட் கழரும்வரை அது தாங்காது.

முறிகண்டி:
எனக்குப் பெரிய கவலை அறுந்து விழுற கம்பிதான். ஆவணி வெயிலில் காய்ந்த கிரவல் ஒழுங்கையில் கிடந்தால் 200 ஓம் என்று வைத்தாலே, வரிசைச் சுற்றில் 600. கரண்ட் 94 அம்பியர். எர்த் ஃபோல்ட் பிக்கப் (ரிலே அசையத் தொடங்கிற கரண்ட்) 100இல் இருந்தால் ரிலே அசையாது, கம்பி உயிரோடு கிடக்கும். ஆடுமாடும் ஆக்களும் போற ஒழுங்கை அது. பிக்கப்பைச் சும்மா இறக்கவும் ஏலாது: மூன்று பேஸிலும் கரண்டை அளக்கிற மூன்று சி.ரி.யும் (கரண்ட் ட்ரான்ஸ்போமர்) ஒரே மாதிரி அளக்காததால் வாற பொய் மிச்சத்துக்கே ட்ரிப் ஆகும். மூன்று பேஸையும் சேர்த்துச் சுற்றுற தனி சி.ரி. போட்டு, சென்சிட்டிவ் எர்த் ஃபோல்டை (சின்னக் கரண்டுக்கும் அசையுற காப்பு) நேரம் தாழ்த்தி வையுங்கோ.

நெடுங்கேணி33:
60 போட்டுப் பார்த்தன், 554 வருது. கம்ப எர்த் அளந்தது மார்கழி ஈரத்தில். ஆவணியில் திரும்ப அளந்துதான் செற்றிங் வைப்பன்.