பழைய மில்லிங் மெஷின் வாங்கியவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

ஆயில்கேன்:
மூணு மாசமாச்சு, இன்னும் மனசு ஆறவில்லை. கோயம்புத்தூர் கணபதி பக்கம் மூடிப்போன ஒரு பம்ப் கம்பெனி ஷெட்டில் கிடந்த டரட் மில்லிங், தலையைத் திருப்ப முடிகிற வகை. நேம் பிளேட் இல்லை, நாலு ரிவெட் ஓட்டை மட்டும். மேலே பச்சை பெயின்ட், கீழே சாம்பல், அதுக்கும் கீழே பட்டி. புரோக்கர் "எச்எம்டிங்க, பிஞ்சூர் சரக்கு" என்று சத்தியம் பண்ணினார். சரி என்று எடுத்துவிட்டேன்.

ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றுகிற தண்டு, அதன் வாயை வெர்னியரில் அளந்தால் 31.75 மில்லி. உள்ளே இருக்கிற கூம்பு (டேப்பர்) ஐஎஸ்ஓ 30 அளவு என்று நானே முடிவு கட்டி, கட்டரைப் பிடிக்கிற கோலெட் சக்கும் அதற்கேற்ப புதுசாக வாங்கினேன். மாட்டினதும் உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது. கையால் தட்டினால் டொக் டொக் என்று ஆடுகிறது. ஸ்பிண்டிலுக்குள் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டுகிற நீலச் சாயம்) தடவி ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கோன் முழுக்கப் பளபளப்பு, நடுவில் மட்டும் நூல் மாதிரி ஒரு நீல வளையம். அந்த வளையம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்பிண்டில் தேய்ந்துவிட்டதா?

டயல்கேஜ்:
தேயவில்லை, அது ஆர்8 என்கிற வேறு டேப்பர். வாய் அளவு ரெண்டுக்கும் ஒன்றேகால் இஞ்ச்தான், அதில்தான் எல்லாரும் ஏமாறுவது. ஐஎஸ்ஓ கோணம் கிட்டத்தட்ட 16 டிகிரி 36 நிமிஷம், ஆர்8 கோணம் 16 டிகிரி 51. அந்தக் கால் டிகிரிதான் உங்கள் டொக் டொக். ஐஎஸ்ஓ என்றால் ஸ்பிண்டில் முகத்தில் எதிரெதிரே ரெண்டு டிரைவ் கீ துருத்திக்கொண்டு நிற்கும். ஆர்8-ல் முகம் மொட்டை. உள்ளே சின்னதாக ஒரு கீ இருக்கும், அவ்வளவுதான். டிராபார், அதாவது மேலேயிருந்து கோலெட்டை இழுத்துப் பிடிக்கிற கம்பி, அதன் மரை 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20. அதையும் பாருங்கள். எனக்கென்னவோ அசல் ப்ரிட்ஜ்போர்ட், அந்த அமெரிக்க கம்பெனி மெஷின் மாதிரி தெரிகிறது.

நான் மாட்டினது டேபிளை நகர்த்துகிற கைப்பிடி டயலில். அம்பத்தூரில் எடுத்த மெஷின், டயலில் எழுத்தெல்லாம் தேய்ந்து கோடு மட்டும் மிச்சம். சுற்றுக்கு 5 மில்லி என்று நம்பி, பத்து சுற்று நகர்த்தி ரெண்டாவது ஓட்டை போட்டேன். பார்ட்டி தன் பிளேட்டை மேலே வைத்தார். முதல் போல்ட் இறங்கியது. ரெண்டாவது ஓட்டையில் பிறை மாதிரி ஒரு ஓரம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 0.8 மில்லி! இஞ்ச் ஸ்க்ரூ, சுற்றுக்கு 5.08. டயலில் 200 கோடு, கோட்டுக்கு ஒரு தவ், அதாவது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் நாளே உட்கார்ந்து எண்ணியிருக்கலாம். பார்ட்டி ஒன்றும் பேசவில்லை, போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பழையஇரும்பு:
டயல்கேஜ் அண்ணா, ஆர்8 சரி. ஆனால் ஆர்8 கண்டதுமே அசல் ப்ரிட்ஜ்போர்ட் என்பது ஆகாது. ப்ரிட்ஜ்போர்ட் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட்காரர்கள் 1938-ல் கொண்டுவந்த டரட் மெஷின் டிசைன். தைவான்காரர்கள் அதை அடித்த காப்பிக்குக் கணக்கே இல்லை, நம்ம ஊரிலும் அடித்திருக்கிறார்கள். டேப்பரை வைத்து ஜாதகம் எழுத முடியாது.

என் கதை சின்னது. வண்டியில் ஏற்றும்போது செயின் பையன் கையில். டேபிள் உயரத்தில் நிற்கிறது, மெஷின் தள்ளாடுகிறது. "நீ எறக்கு, நீ எறக்கு" என்று கத்தினேன். நான் சொன்னது டேபிளைத் தாங்குகிற 'நீ' (knee), மெஷினின் முழங்கால். அவன் "நீ எறங்கு" என்று கேட்டு, செயினை விட்டுவிட்டு வண்டியிலிருந்து குதித்துவிட்டான்! ஒரு டன் இரும்பு என் பக்கம் சாய்ந்து, பெல்ட்டில் தொங்கி நின்றது. அன்றையிலிருந்து பட்டறையில் அதுக்குப் பேர் 'முழங்கால்'.

டரட் மெஷினுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. ஏற்றுவதற்கு முன்னால் ராமை (ஹெட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகர்கிற கை) உள்ளே தள்ளி, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி, முழங்காலைக் கீழே இறக்கிவிடுங்கள். அப்புறம், ஆயில்கேன் தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துருவைக் கண்டதும் கிரைண்டரை எடுக்காதீர்கள். ஸ்லைடில் பிறை பிறையாகத் தெரிகிற ஸ்க்ரேப்பிங் தடம் எண்ணெய் தங்குவதற்கு, அதை மொழுக்கென்று தேய்த்தால் மெஷின் போச்சு. மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பொறுமை போதும். டேபிள் நடுவில்தான் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் போக ஜிப்பை (ஸ்லைடில் இடைவெளியைச் சரிசெய்கிற ஆப்பு) இறுக்கினால் ரெண்டு ஓரத்திலும் பிடிக்கும், அதனால் ஓரத்தில் வைத்துத்தான் செட் பண்ண வேண்டும். கிரீஸ் கன்னை மறந்துவிடுங்கள், ஸ்லைடுக்கு 68 நம்பர் ஆயில். கிரீஸ் போன குழாயில் ஆயில் போகாது. மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடினால் எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லாமல் ரெண்டு பேஸை மாற்றச் சொல்லுங்கள்.

ஆயில்கேன்:
நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். இப்பத்தான் ஸ்பிண்டிலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முகம் மொட்டைதான். உள்ளே கீ இருக்கிற இடத்தில் பாதி உடைந்த மொட்டு மட்டும் இருக்கிறது. டிராபார் மரை 20 கேஜுக்கு அச்சு மாதிரி உட்கார்ந்தது. புரோக்கர் போன் எடுக்கவில்லை.

ஐஎஸ்ஓ 30 கோலெட் சக் யாருக்காவது வேண்டுமா? ஒரே தடவைதான் மாட்டினது. கொஞ்சம் ப்ளூ ஒட்டியிருக்கும்.