பையின் அடியில் கிடந்த மோனோகுலர்

நான்காம் வகுப்பு மாணவனின் அம்மா:

என் மகனுக்கு அல்பினிசம், அதாவது பிறவியிலேயே உடலில் நிறமி குறைவு. கண்ணாடி போட்டும் பார்வை 6/60தான். மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கிற எழுத்தை அவன் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பான். கரும்பலகையைப் பார்க்க 4 மடங்கு பெரிதாக்கும் மோனோகுலர் கொடுத்தார்கள், ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கிக் குழல். வாங்கிய அன்று அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்துப் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் பென்சில் சீவலோடு கிடந்தது. பசங்க கேலி செய்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு இரண்டு நாள் தைரியம் சொன்னேன். கடைசியில் அவன் சொன்னான்: "அம்மா, அதுல போர்டே வரமாட்டேங்குது. யாரோட தலையோதான் வருது." இதை எப்படிப் பழக்குவது? இன்னொன்று, எதைப் பார்த்தாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே பார்க்கிறான். "நேராப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

சிறப்பாசிரியை:

அம்மா, உங்கள் பையன் சொன்னது முழுக்க உண்மை. அந்தக் குழலுக்குள் தெரியும் வட்டம் ரொம்பச் சின்னது. கையில் கொடுத்தவுடனே யாருக்கும் வராது. முதலில் வெறும் கண்ணால் பலகை இருக்கும் திசையைப் பார்க்கட்டும். முகத்தை அசைக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவரட்டும், முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். தொடக்கத்தில் எழுத்தே வேண்டாம். சுவரில் ஒரு பெரிய வட்டம் வரைந்து ஒட்டுங்கள், அதைக் கண்டுபிடித்துத் தெளிவாக்கினால் போதும். அப்புறம் ஒரு கோடு, அதன்பின் ஒரு வரி. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குக் குறுக்கே தாவினால் வழி தொலைந்துவிடும். அதே வரியில் பின்னோக்கித் தொடக்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரு வரி கீழே இறங்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் கண் களைத்துவிடும்.

பலகை முழுவதையும் அதை வைத்து எழுதச் சொல்லாதீர்கள். குழலைக் கீழே வைத்துப் பேனாவை எடுத்து நாலு சொல் எழுதி, மறுபடி குழலை எடுப்பதற்குள் பலகை அழிந்திருக்கும். ஆசிரியர் எழுதும்போதே வாய்விட்டுப் படித்தால் பாதிச் சுமை குறையும். கேட்டுப் பாருங்கள்.

முகம் திருப்புவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். அல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு கோணத்தில் அந்த ஆட்டம் குறையும். அந்தக் கோணத்தை அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

நானும் தவறு செய்தவள்தான். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ள ஒரு மாணவிக்குப் பாடங்களையெல்லாம் பெரிய தாளில் பெரிதாக்கி நகல் எடுத்துக் கொடுத்தேன். இரவெல்லாம் உட்கார்ந்து செய்தது. அவளுக்கோ குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் பார்வை. எழுத்துப் பெரிதாகப் பெரிதாக அந்த ஓட்டைக்குள் அடங்குவது குறைந்துகொண்டே போனது. என் மனம் நோகக் கூடாது என்று ஒரு பருவம் முழுக்க அவள் சொல்லவே இல்லை. சாதாரண அளவு எழுத்து, நல்ல வெளிச்சம், ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாகத் துளை வெட்டிய கறுப்பு அட்டை. அவளுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

ஸ்டார்கார்ட் நோயோடு படித்து முடித்தவர்:

டீச்சர் சொன்னதற்கு நேர் எதிர் என் கண். நடுப்பார்வை போய், ஓரம் மட்டும் இருக்கிறது. பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். அதனால் இருப்பதிலேயே அதிகப் பவர் லென்ஸ்தான் வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் அடம்பிடித்து 20 டயாப்டர் பவருள்ள லென்ஸ் வாங்கினேன். 5 மடங்கு பெரிதாகக் காட்டும், ஆனால் எழுத்திலிருந்து சரியாக 5 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கலங்கிவிடும், ஒரு தடவைக்கு மூன்று நான்கு எழுத்துதான் தெரியும். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். நான் மந்தமானவன் என்றே நம்பியிருந்தேன். பவர் குறைந்த, காகிதத்தின் மேலேயே நிற்கும் ஸ்டாண்ட் மேக்னிஃபையருக்கு மாறிய பிறகுதான் வாசிப்பு வாசிப்பாக இருந்தது. லென்ஸுக்குக் கிட்டக் கண்ணைக் கொண்டுபோனால் தெரியும் பரப்பு அகலமாகும் என்பதையும் அப்போதுதான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கிட்ட வச்சுப் படிச்சா கண் கெட்டுப்போகும்" என்று என் கையிலிருந்து புத்தகத்தைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். குறைபார்வை உள்ள பிள்ளைக்குக் கிட்ட வைப்பதால் கண் கெடாது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்குக் கொண்டுவந்தாலே எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும், லென்ஸே இல்லாமல். கழுத்து வலிக்காமல் இருக்கச் சாய்வுப் பலகை ஒன்று வைத்துக் கொடுங்கள்.

நான்காம் வகுப்பு மாணவனின் அம்மா:

வட்டம் வரைந்து ஒட்டிவிட்டேன். நேற்று ஏழாவது தடவையில் பிடித்தான், இன்று மூன்றாவதில். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசுகிறது என்று இன்றுதான் சொன்னான், இத்தனை நாளும் அவனுக்கு அந்த இடம்தான். முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று குறித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்த்து, அவன் முகத்தைத் திருப்பும்போது பலகை நேரே வருகிற மாதிரி, வெளிச்சம் முதுகுப் பக்கம் விழுகிற இடமாகக் கேட்கப் போகிறேன்.